குவாரி வேட்டும் ஷெல் சத்தமும்

குவாரியில் வேட்டு வைத்தால் சேலத்துக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒரு பெண்ணுக்கோ அதே சத்தத்தில் உள்ளங்கை வியர்த்துவிடலாம். போர் 2009-இல் முடிந்தது அவருக்குத் தெரியாததல்ல. மூளையின் அமிக்டலா, சத்தம் விழுந்த கணத்திலேயே அபாய மணி அடித்துவிடுகிறது. ‘இது குவாரி, ஷெல்லடி (பீரங்கிக் குண்டு) இல்லை’ என்று இடம் பார்த்துச் சொல்ல வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பிந்திவிடுகிறது. பழைய அச்சம் அழியாது. ‘சத்தம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் படிய வேண்டும். வீட்டுக்குள்ளேயே முடங்கினால் படியாது.

இப்படித் தவிப்பவர்களுக்கு உதவ உலக சுகாதார நிறுவனம் தந்த ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ என்ற மனநல உதவி முறையை, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆளே நடத்தலாம். 5 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதலில் மூச்சு: வயிறு உப்ப 3 எண்ணி உள்ளே, 3 எண்ணி வெளியே. ‘நல்லா இழுத்து விடுங்க’ என்றால் கெட்டது. வேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை சுற்றி, விரல் மரமரக்கும். மாரடைப்பு என்றே பயந்துவிடுவார்கள்.

அடுத்து, விட்டுப்போன வேலை. தையல் என்றால் முதல் நாள் மெஷினுக்கு எண்ணெய் போட்டு நூல் கோத்தால் போதும். மறுநாள் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக். பிறகு, உதவி கேட்கத் தயங்கி விட்டுப்போன உறவுகளைத் திரும்பப் பிடிப்பது.

‘மன அழுத்தம் இருக்கா?’ என்றால் ‘இல்லை’ என்பார்கள். ‘நித்திரை வருதோ?’ என்று கேட்டுப் பாருங்கள்.

நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வைப்பது பெரிய தவறு. அப்படிக் கிளறுவதால் பலனில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சிலருக்கு அது கேடும் செய்யும். காணாமல்போனவரை ‘இறந்துட்டார்னு நினைச்சுக்கோங்க’ என்று தேற்றுவதும் கூடாது. சாகும் எண்ணமோ, இல்லாத குரல் கேட்பதோ இருந்தால் இந்த முறை போதாது. சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போக வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416.

முகாம் வீடுகளில் சுவர் தாண்டிப் பேச்சு கேட்கும். ஆண்கள் பலர் பெயின்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அமர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை, பால்வாடிக் கட்டடம் மாதிரி கதவு சாத்தக்கூடிய இடமாகப் பார்ப்பது நல்லது.