இதயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: காணியை ஈடு வைப்பதற்கு முன்

மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமடைந்தவர்களின் குடும்பத்தினர் கிளினிக்கில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, ஸ்டெம் செல் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம்) ஊசி போட்டால் செத்த தசை திரும்ப வளருமா என்பதே. பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியோடுதான் அந்தக் கேள்வி வருகிறது; காணியை ஈடு வைத்தாவது இந்தியாவுக்குப் போய் வரலாம் என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. இன்றுள்ள சான்றுகளின்படி இது இதய நோய்க்கு நிறுவப்பட்ட சிகிச்சை அன்று. முறையான ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறவர்களிடம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் ஸ்டெம் செல்களைக் கொண்டு செய்யப்படும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை வேறு. அது பல்லாண்டுகளாக உயிர்களைக் காத்துவரும் சிகிச்சை. இதயத்துக்கான விளம்பரங்கள் அந்த நற்பெயரைத்தான் இரவல் வாங்கிக்கொள்கின்றன.

இந்த நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் உண்டு. தோலும் ஈரலும் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதைப் போல இதயத் தசை புதுப்பித்துக்கொள்வதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய காபன்-14 அளவை வைத்து இதயக் கலங்களின் வயதைக் கணித்த 2009ஆம் ஆண்டு ஆய்வின்படி, 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதக் கலங்களே புதிதாக உருவாகின்றன. 75 வயதில் அது அதன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெரிய மாரடைப்பு ஒன்றிலோ நூறு கோடி கலங்கள் வரை இறந்துபோகலாம். அந்த இழப்பை ஓர் ஊசியால் ஈடுசெய்யலாம் என்று எவரேனும் சொன்னால், நோயாளி மட்டுமல்ல, வைத்தியரும் நம்பவே விரும்புவார்.

2001இல் அப்படித்தான் நடந்தது. எலும்பு மச்சைக் கலங்கள் எலியின் இதயத்தில் புதிய தசையாக மாறியதாக இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் குழு அறிவித்தது. 2004இல் வேறு இரு குழுக்கள் முயன்றபோது அப்படி எதுவும் நிகழவில்லை. ஆனாலும் மனிதர்களில் ஆய்வுகள் நிற்கவில்லை. 2018இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் அதனோடு இணைந்த வைத்தியசாலையும் அன்வெர்சாவின் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரின. அவற்றில் பொய்யான, திரிக்கப்பட்ட தரவுகள் இருந்தன என்பதே காரணம். இன்றும் சில விளம்பரங்களில் அந்தப் பழைய கூற்றுகளின் சாயலைக் காண்கிறேன்.

மனித ஆய்வுகளைப் புரிந்துகொள்ள, உங்கள் எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கையில் உள்ள ‘ஈ.எஃப்.’ என்ற எண்ணைப் பாருங்கள். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே அது. “30 சதவீதம்தான் வேலை செய்யுதாம் டொக்டர்” என்று கலங்குகிறவர்கள், நல்ல இதயத்திலும் அது ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் என்பதை அறிந்தால் சற்று ஆறுதலடைவார்கள். ஒரே நோயாளியை இருவர் எக்கோ பார்த்தால் இந்த எண் ஐந்து புள்ளிகள் வரை வேறுபடுவதும் சாதாரணம். ஆகவே “ஊசிக்குப் பின் 30இலிருந்து 34 ஆகிவிட்டது” என்று காட்டப்படும் அறிக்கை எதையும் நிரூபிப்பதில்லை.

ஜேர்மனியில் 60 பேரில் நடந்த ஆய்வொன்றில், எலும்பு மச்சைக் கலங்கள் செலுத்தப்பட்டவர்களின் ஈ.எஃப். எண் ஆறு மாதத்தில் சராசரியாக 6.7 புள்ளிகள் கூடியது; மற்றவர்களில் 0.7 மட்டுமே. பதினெட்டாம் மாதத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. 2014இல் 49 ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள், எந்த ஆய்வுக் கட்டுரைகளில் தரவு முரண்பாடுகள் அதிகமோ அவற்றில்தான் பலனும் அதிகமாகக் காட்டப்பட்டிருந்ததைக் கண்டார்கள். முரண்பாடே இல்லாத ஆய்வுகளில் பலன் பூச்சியத்தை ஒட்டி நின்றது. 2023இல் வெளியான, 537 பேருக்குச் சிகிச்சையளித்த பெரிய ஆய்வும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அதில் மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்ததாகத் தெரிந்தாலும், அதை இன்னோர் ஆய்வு உறுதிசெய்ய வேண்டும். செலுத்தப்படும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை சில நாட்களிலேயே மறைந்துவிடுகின்றன.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டலும் இதையே சொல்கிறது: இரத்தம் சார்ந்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது, ஆய்வாகச் செய்தால் நோயாளியிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. எனவே பற்றுச்சீட்டு ஒன்றை நீட்டினாலே அது ஆய்வு அன்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது காசு மட்டுமன்று. ஊசி போட்டாகிவிட்டது, இனி மருந்து எதற்கு என்று குளிசைகளை நிறுத்திவிடுகிறார்கள். கிளினிக் கொப்பியில் மாதாமாதம் எழுதப்படும் எனலப்ரில், பைசோபிரோலோல், ஸ்பைரோனோலக்டோன் ஆகியவை ஆயிரக்கணக்கானோரில் பரிசோதிக்கப்பட்டு ஆயுளைக் கூட்டுபவை என உறுதியானவை. நீரிழிவுக்கென வந்த டபாகிளிஃப்லோசின், நீரிழிவு இல்லாத இதயப் பலவீனருக்கும் உதவுகிறது என்று 2019இல் நிறுவப்பட்டது. இவற்றை ஒழுங்காக எடுப்பவர்களில் சிலருக்கு ஈ.எஃப். பத்துப் பதினைந்து புள்ளிகள் கூடுவதை நாம் கிளினிக்கிலேயே பார்க்கிறோம். விலை மலிவாக இருப்பதாலோ, அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதாலோ, அவற்றின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்காவுக்கு 2012இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த மீள்நிரலாக்கக் கலங்களிலிருந்து (முதிர்ந்த கலங்களை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிப் பெறுபவை) இதயத் தசையை வளர்த்து, ஒட்டுப்போல இதயத்தின் மேல் வைக்கும் முயற்சிகள் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் நடக்கின்றன. அவற்றை நான் ஆவலோடு கவனிக்கிறேன். அவை தேர்ந்த குழுக்கள், பதிவுசெய்யப்பட்ட ஆய்வுகளாக, சில நோயாளிகளில் மட்டும் செய்பவை.

அதுவரை, இறக்கும் தசையைக் காப்பது நேரந்தான். நெஞ்சு நோவோடு வியர்வையும் வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிராமல் உடனே 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை 2018 முதல் இலங்கையின் வடக்கிலும் இலவசமாக இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து ஸ்டெம் செல் பற்றி யாராவது ஏதும் அனுப்பினால், முற்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கடதாசியையும் கடைசி எக்கோ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளினிக் வைத்தியரிடம் போங்கள்.