காற்று குவித்த மணல், வெள்ளம் அறுத்த பாறை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் சிற்றூருக்கு அருகே, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் தன்னாட்சி நிலப்பரப்புக்குள் ஆண்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கிறது. சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவர்களையும் தொட்டுவிடலாம். அந்தச் சுவர்களோ 100 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. இந்தப் பாறை இடுக்குக்குள் அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி இல்லாமல் எவரும் நுழைய முடியாது. நிலம் அவர்களுடையது என்பது முதற்காரணம். மற்றொரு காரணம், இப்பாறை உருவான விதத்திலேயே அடங்கியிருக்கிறது.

சுவர்களில் சாய்வாக ஓடும் மெல்லிய வரிகளை வழிகாட்டிகள் சுட்டிக்காட்டுவார்கள். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இங்கே மாபெரும் மணற்பாலைவனம் பரந்திருந்தது. காற்று மணலை மேட்டின் சரிவான பக்கத்தில் உருட்டி ஏற்றும். உச்சியைத் தாண்டிய மணல், மறுபக்கத்தில் ஏறக்குறைய 34 பாகைச் சாய்வில் சரிந்து படியும். ஒவ்வொரு சரிவும் ஓர் அடுக்கானது. மணல்மேடு நகர்ந்தபோது அதன் மேற்பகுதியைக் காற்று அரித்துவிட, எஞ்சிய அடிப்பகுதியின்மீது அடுத்த மேடு வந்து படிந்தது. ஆகவே சாயும் வரிகளைக் கொண்டு அன்றைய காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசியது என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்த மணலின் பிறப்பிடம் இன்னும் வியப்பானது: அதிலுள்ள சிர்கான் என்னும் கனிமத் துகள்களின் வயதை அளந்தபோது, அவற்றில் கணிசமானவை கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகளாலும் காற்றாலும் வந்து சேர்ந்தவை என்று தெரிந்தது.

பிற்காலப் படிவுகளின் பாரத்தில் மணல் இறுகியது. நிலத்தடி நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் துகள்களை ஒட்டவைத்தன. துகள்களின்மேல் படர்ந்த ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடே செந்நிறம் தந்தது.

இப்பாறையைச் செதுக்கியது மழைவெள்ளம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்நிலத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் இடியுடன் பெருமழை கொட்டும். வெற்றுப் பாறையும் அருகிய தாவரங்களும் கொண்ட நிலம் நீரை உறிஞ்சுவதில்லையாதலால், அகன்ற நீர்ப்பிடிப்பு முழுவதிலும் பெய்த மழை ஒரே ஓடையில் திரண்டு, பாறையின் பழைய விரிசலுக்குள் பாய்கிறது. இடம் குறுகக் குறுக நீர்மட்டம் உயர்கிறது, வேகமும் கூடுகிறது. நீர் மட்டும் பாறையை அவ்வளவு எளிதில் தேய்க்காது. அது சுமந்துவரும் மணலே உப்புத்தாள் போலச் சுவரை இழைக்கிறது. வளைவுகளில் எழும் சுழல்கள் சுவரைக் குடைந்து குழிவாக்குகின்றன. வறண்ட காலநிலையில் சுவர்களின் மேல்விளிம்பு மெதுவாகவே சிதைவதால், பள்ளம் அகலமாவதைவிட வேகமாக ஆழமாகிறது. அலைபோல் நெளியும் அந்த வடிவம், ஓடிய நீரின் அசைவு பாறையில் பதிந்ததே.

உள்ளே காணும் நிறமாற்றத்துக்கும் இந்தக் குறுகலே காரணம். மேல் இடுக்கில் நுழையும் வெயில் சுவருக்குச் சுவர் எதிரொளித்துக் கீழிறங்கும்போது, ஒவ்வொரு எதிரொளிப்பிலும் இரும்பு ஆக்சைடு நீல ஒளியைக் கூடுதலாக உட்கொள்கிறது. அதனால் மேலே வெளிர்மஞ்சளாகத் தோன்றும் பாறை, கீழே செம்மஞ்சளாகவும் அடர்சிவப்பாகவும் மாறுகிறது. வெயில் எட்டாமல், வானத்தின் ஒளி மட்டும் படும் மூலைகள் ஊதாச் சாயல் கொள்கின்றன. கோடை நண்பகலில் விழும் ஒளிக்கற்றைகள் கண்ணுக்குத் தெரிவது, காற்றில் மிதக்கும் தூசி ஒளியைச் சிதறடிப்பதால்தான்.

இத்தனை அழகையும் செதுக்கிய வெள்ளம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, இதன் ஒரு பகுதியான கீழ் ஆண்டிலோப் கேன்யனில் புகுந்த திடீர் வெள்ளம் 11 சுற்றுலாப் பயணிகளின் உயிரைப் பறித்தது. அந்த இடத்தில் மழை மிகக் குறைவு. வெள்ளம் பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழையிலிருந்து வந்தது. இடுக்கின் அடியில் நிற்பவருக்கு வானத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும்; தொலைமேகம் தெரிய வழியே இல்லை. இன்று அங்கே பாறையில் உறுதியாகப் பொருத்தப்பட்ட இரும்பு ஏணிகள் இருக்கின்றன. வழிகாட்டிகள் தலைக்கு மேலுள்ள வானத்தைவிட நீர்ப்பிடிப்புப் பகுதியின் வானிலையையே முதன்மையாகக் கவனிக்கிறார்கள். அங்கே பெருமழை எதிர்பார்க்கப்பட்டால், பள்ளத்தாக்கின்மேல் வெயில் காய்ந்தாலும் பயணம் நிறுத்தப்படுகிறது.