ஒரு மேட்ச் கூட தோக்கல, ஆனா 5வது இடம்

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை. ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் பசங்க ஒண்ணா உக்காந்து டிவி பாத்துட்டு இருக்காங்க. 13 மேட்ச் ஆடி 13லயும் ஜெயிச்சாச்சு, அவங்க கான்ஃபரன்ஸ் கோப்பையும் கைக்கு வந்தாச்சு (கான்ஃபரன்ஸ்னா சில காலேஜ்கள் சேந்து நடத்துற லீக்). அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல (நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடற, எறியற ஆட்டம்) அப்ப பிளேஆஃப்க்கு, அதாவது சாம்பியனை முடிவு பண்ற கடைசி நாக் அவுட் சுற்றுக்கு, நாலு இடம்தான். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ்னு மூணு பேரு வந்துச்சு, நாலாவதா வந்தது அலபாமா. அந்த சீசன்ல ஒரு மேட்ச் தோத்த அலபாமா! ஃப்ளோரிடா ஸ்டேட் 5வது, வெளியில.

காரணம் என்னன்னா ஃப்ளோரிடா ஸ்டேட்டோட குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற முக்கிய ஆளு) ஜோர்டன் டிராவிஸ் நவம்பர்ல கால் ஒடஞ்சு வெளில போயிட்டாரு, அவர் இல்லாம இது பழைய டீம் இல்லன்னு 13 பேர் கொண்ட செலக்ஷன் கமிட்டி முடிவு பண்ணிருச்சு. அது தப்பான முடிவுன்னுதான் நான் இன்னமும் சொல்வேன். ஆனா ஏன் தப்புன்னு சொல்லணும்னா முதல்ல இந்த ரேங்கிங் எப்படி நடக்குதுன்னு பாக்கணும்.

பாயிண்ட்ஸ் டேபிள் போட்டா முடிஞ்சுதே, இதுல என்ன சண்டைன்னு தோணும். பாயிண்ட்ஸ் டேபிள் சரியா வரணும்னா எல்லா டீமும் எல்லா டீம் கூடவும் ஆடணும், இல்லன்னா ஓரளவு சமமான எதிரிகளோடயாவது ஆடணும். இங்க 2024 கணக்குப்படி உச்ச பிரிவுல 134 டீம். ஜோடி ஜோடியா பிரிச்சா 8,911 ஜோடி வருது. ஆனா இந்த ஆட்டத்துல அடி ரொம்ப பலமா விழும்ங்கறதால வாரத்துக்கு ஒரு மேட்ச்தான் ஆட முடியும், ரெகுலர் சீசன்ல ஒரு டீமுக்கு 12 மேட்ச், மொத்தமா கூட்டினா சுமார் 800 மேட்ச். அதாவது பத்துல ஒரு ஜோடி கூட நேருக்கு நேர் மோதறதில்ல. மீதி எல்லாத்தையும் "இவன் அவனை ஜெயிச்சான், அவன் இன்னொருத்தனை ஜெயிச்சான்"னு சங்கிலி போட்டுத்தான் ஊகிக்கணும்.

அந்த சங்கிலியும் சில நேரம் வட்டமா சுத்திக்கும். 2008ல டெக்சஸ் ஓக்லஹோமாவை 45-35னு அடிச்சுது. மூணு வாரம் கழிச்சு டெக்சஸ் டெக்ங்கற வேற ஒரு டீம் தன் சொந்த ஊரான லப்பக்ல டெக்சஸை 39-33னு அடிச்சுது, அவங்க ஆட்டக்காரர் மைக்கேல் கிராப்ட்ரீ கடைசி டச்டவுனை (பந்தை எதிரியோட எல்லைக்கோட்டைத் தாண்டி கொண்டு போறது) போட்டப்போ கடிகாரத்துல மிச்சம் இருந்தது 1 செகண்ட். அப்புறம் ஓக்லஹோமா அதே டெக்சஸ் டெக்கை 65-21னு துவைச்சு எடுத்துச்சு. மூணு டீமும் 11 வெற்றி, 1 தோல்வி, யாரை மேல வைக்கறது? எந்த வரிசையில வச்சாலும் ஒரு மேட்ச் ரிசல்ட்டுக்கு எதிராத்தான் இருக்கும், இது ஆளுங்களோட பாரபட்சம் இல்ல, கணக்குலயே இருக்கற முடிச்சு. கடைசில ரேங்கிங்ல மேல இருந்த ஓக்லஹோமாதான் கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கு போச்சு, தன்னை நேர்ல தோக்கடிச்ச டெக்சஸை தாண்டி!

ரொம்ப காலம் இதை ஓட்டு போட்டுத்தான் முடிவு பண்ணாங்க. 1936ல இருந்து ஏபி நியூஸ் ஏஜென்சி ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர்கள்கிட்ட வாரா வாரம் லிஸ்ட் வாங்குது, இப்ப முதல் இடத்துக்கு 25 பாயிண்ட், 25வது இடத்துக்கு 1 பாயிண்ட். கோச்சுகளுக்குன்னு தனி ஓட்டெடுப்பு 1950ல வந்துச்சு. ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஒரே வருஷத்துல ரெண்டு சாம்பியன், 1997ல ரிப்போர்ட்டர்கள் மிச்சிகன்னாங்க, கோச்சுகள் நெப்ராஸ்கான்னாங்க, அந்த ரெண்டு டீமும் மோதவே இல்ல.

1998ல ஃபைனல்ல மோத வேண்டிய ரெண்டு டீமைத் தேர்ந்தெடுக்க பிசிஎஸ்னு புது முறை வந்தப்போ ஓட்டோட கம்ப்யூட்டர் ரேங்கிங்கையும் சேத்தாங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது வெஸ்லி காலேங்கற வானியற்பியல் ஆராய்ச்சியாளர் போட்ட கணக்கு. வெற்றி எண்ணிக்கையோட 1 கூட்டி, அதை மேட்ச் எண்ணிக்கையோட 2 கூட்டினதால வகுக்கணும், அவ்வளவுதான், இது லாப்லாஸ்ங்கற பழைய பிரெஞ்சு கணித மேதை காலத்து ஐடியா. ஒரு மேட்ச் கூட ஆடாத டீமுக்கு 1/2, அதாவது 0.5. ஒண்ணும் தெரியாதப்போ பாதிக்கு பாதின்னு வைக்கறது எவ்வளவு நேர்மை பாருங்க. ஒரு மேட்ச் ஜெயிச்சா 2/3, தோத்தா 1/3.

ஆனா யாரை ஜெயிச்சங்கறதும் முக்கியமாச்சே. அதனால எதிரியோட மார்க்கை உள்ள கொண்டு வர்றாரு. நீங்க ஜெயிச்சது 0.5 டீமை இல்ல, இப்ப 0.333 ஆயிட்ட டீமை, அதனால உங்க மார்க் 0.667ல இருந்து 0.611க்கு இறங்கும். தோத்தவன் பலமானவன்கிட்ட தோத்ததால 0.389க்கு ஏறுவான். எதிரி ஏறிட்டதால நீங்க மறுபடி 0.63கிட்ட ஏறுவீங்க. தராசு முள்ளு மாதிரி இப்படி ஆடி ஆடி 0.625க்கும் 0.375க்கும் வந்து நின்னுரும். இதையே எல்லா டீமுக்கும் சேத்து ஒரே நேரத்துல தீக்கற சமன்பாட்டுக் கூட்டம்தான் காலே முறை. அந்த 2008 வட்டத்தை மட்டும் இதுல போட்டா மூணு டீமுக்கும் 0.5தான் வரும், வெளியில யாரை ஜெயிச்சாங்கங்கறதுதான் வித்தியாசம் காட்டும்.

எத்தனை பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்கன்னு அவர் பாக்கறதே இல்ல. அதைப் பாத்தா அடுத்த மேட்ச்ல யார் ஜெயிப்பான்னு இன்னும் நல்லா ஊகிக்கலாம்தான், ஆனா அதுக்கு மார்க் உண்டுன்னா ஏற்கனவே நொந்து கிடக்கற சின்ன காலேஜை கடைசி நிமிஷம் வரைக்கும் போட்டு அடிப்பாங்க. பிசிஎஸ்காரங்களே 2002ல அதை கம்ப்யூட்டர்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க.

பிசிஎஸ்ல இருந்த ஆறு கம்ப்யூட்டர்ல காலேயோட ஃபார்முலா மட்டும்தான் முழுசா வெளியில இருந்துச்சு. 2010 கடைசி லிஸ்ட்ல ஒரு மேட்ச் ரிசல்ட் விட்டுப்போய், 10வது 11வது இடத்துல எல்எஸ்யு, பாய்ஸி ஸ்டேட்ங்கற ரெண்டு டீமும் இடம் மாறிருச்சு. வெளியாள் ஒருத்தர் தானே கணக்கு போட்டுப் பாத்து அதைப் பிடிச்சாரு. கதவை சாத்திக்கிட்டு பேசற கமிட்டில அந்த மாதிரி ஒரு தப்பை யார் எப்படி பிடிக்கறது?

2014ல கம்ப்யூட்டர்களை நிறுத்திட்டு கமிட்டியை வச்சாங்க. என் வருத்தம் இதுதான்: "இதுவரைக்கும் யார் சம்பாதிச்சாங்க"ங்கறது ஒரு கேள்வி, "நாளைக்கு ஆடினா யார் ஜெயிப்பா"ங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு நடந்த மேட்ச் போதும். ரெண்டாவதுக்கு காயம், ஃபார்ம் எல்லாம் பாக்கணும். எந்தக் கேள்விக்கு பதில் தேடறோம்னு சீசனுக்கு முன்னாடியே ஒண்ணைச் சொல்லிரணும். ஃப்ளோரிடா ஸ்டேட் பசங்க ரெண்டு மூணாவது குவார்ட்டர்பேக்கை வச்சும் மீதி மேட்சை ஜெயிச்சாங்களே, அது ஸ்கோர்போர்டுல இருக்கற ரிசல்ட் இல்லையா? பிறகு ஜார்ஜியாகிட்ட 63-3னு தோத்தாங்களேன்னு கேப்பாங்க, அதுல முக்கியமான பல பேர் ஆடவே இல்ல, அதை வச்சு டிசம்பர் 3 முடிவை சரின்னு சொல்ல முடியாது.

2024ல பிளேஆஃப் 12 டீம் ஆச்சு. ஒஹாயோ ஸ்டேட் சொந்த கிரவுண்டுல மிச்சிகன்கிட்ட 13-10னு தோத்து, கமிட்டி லிஸ்ட்ல 6வதா வந்துச்சு, பழைய நாலு டீம் முறையா இருந்தா வாசல்லயே நின்னிருக்கும். 2025 ஜனவரி 20ம் தேதி நோட்ர டேமை 34-23னு ஜெயிச்சு கோப்பையை தூக்குனது அந்த டீம்தான்.