விரல் நுனியில் ஒரு வகுத்தல் கணக்கு

"விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, கறுத்த தோலில் தப்பாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா? ஊசி குத்தாமல் அது ரத்தத்தை எப்படித்தான் அளக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். பல்ஸ் ஆக்சிமீட்டர் இயங்கும் விதத்தைப் பார்த்தால், தோலின் நிறம் அதை அண்டவே கூடாது. ஆனாலும் அண்டுகிறது. சுவாரசியமே அங்குதான்.

அடிப்படை பள்ளிப் பாடம்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் பளீர்ச் சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் மற்றதைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம் விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் கதை தலைகீழ்: அங்கே ஆக்சிஜன் ஏற்றியதுதான் ஏறக்குறைய 1.7 மடங்கு அதிகம் விழுங்குகிறது. கவ்வியின் ஒரு பக்கத்தில் இந்த இரண்டு எல்இடிகள். மறுபக்கத்தில் ஒரே ஒரு ஒளி உணரி. உணரிக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதனால் சிவப்பு, அகச்சிவப்பு, பிறகு இரண்டுமே அணைப்பு என்று நொடிக்குச் சில நூறு முறை மாறி மாறி எரிய வைக்கிறார்கள். அணைந்திருக்கும் நேரத்தில் உணரியில் விழுவது அறை வெளிச்சம், அதைக் கழித்துவிடலாம்.

ஆனால் விரலுக்குள் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், கொழுப்பு, எலும்பு, நகம், ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரை ரத்தம் என எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. நமக்கு வேண்டியதோ தமனி ரத்தத்தின் கணக்கு மட்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் அளக்க முயன்றது ஆக்சிஜனையே அல்ல. ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, காது மடல் வழியாக ஒளி பாய்ச்சி, சாயம் நீர்த்துப்போகும் விதத்தைக் கொண்டு இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று கணக்கிடப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து வரைகோட்டை அலையலையாகக் கெடுத்தது. இன்னொரு அலைநீளத்தைச் சேர்த்து அந்த அலையைச் சமன்செய்து அழித்தார். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் அழித்த அலை மறுபடியும் தலைதூக்கியது. அப்படியானால் அந்த அலைக்குள்தான் ஆக்சிஜனின் அளவு ஒளிந்திருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1974இல் அந்தக் கொள்கையை வெளியிட்டார். உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

அவர் கண்ட வழி இதுதான். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரலின் தமனிகளில் கொஞ்சம் ரத்தம் கூடுகிறது. வெளிவரும் ஒளி அந்த அளவுக்குக் குறைகிறது. ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம்தான். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. துடிப்பது தமனி மட்டுமே. ஆக, அந்தச் சின்ன அலையைத் தனியே எடுத்தால் தமனி ரத்தத்தைத் தனியே எடுத்த மாதிரி.

ஒரு துடிப்பை எண்களில் பார்ப்போம். உணரிக்கு அகச்சிவப்பு 100 அலகு வருகிறது, அதில் அலை 2 அலகு. சிவப்பு 50 அலகு வருகிறது, அதில் அலை 0.5 அலகு. அலையை அதனதன் மொத்த ஒளியால் வகுத்தால் சிவப்பில் 0.01, அகச்சிவப்பில் 0.02. முன்னதைப் பின்னதால் மறுபடி வகுத்தால் 0.5. கருவியின் நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு, 0.5க்கு எதிரே ஏறக்குறைய 97 சதவீதம் என்று இருக்கும், அதாவது ஹீமோகுளோபினில் 97 சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியது. விகிதம் 1 என்றால் 85.

இப்போது அதே ரத்தம், தோல் மட்டும் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குக் கறுப்பு தரும் நிறமியான மெலனின் சிவப்பு ஒளியில் பாதியை விழுங்கிவிடுகிறது. வருவது 25 அலகு. அலையும் பாதியாகி 0.25. வகுத்தால்? அதே 0.01. விரல் தடித்திருக்கட்டும், எல்இடி மங்கலாக இருக்கட்டும், தோல் எந்த நிறமாகவும் இருக்கட்டும், மாறாமல் நிற்பவை எல்லாம் மேலும் கீழும் ஒன்றாக அடிபட்டுப் போகின்றன. மருத்துவக் கருவிகளில் இவ்வளவு அழகான கணக்கு அபூர்வம் என்பேன்.

பிறகு எங்கே பிசகுகிறது?

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஒரே நோயாளியிடம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்த கருவி அளவையும் தமனி ரத்தப் பரிசோதனை அளவையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மை அளவு 88க்குக் கீழே கிடந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இது புதிய சந்தேகமும் அல்ல. 1990லும் 2005லும் வெளிவந்த ஆய்வுகளிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. கொரோனா வரும்வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் என்னை மிகவும் கவர்ந்தது எல்இடி பற்றியது. சிவப்பு எல்இடி 660 நானோமீட்டரில் மட்டும் ஒளிர்வதில்லை. முன்னும் பின்னுமாக 20 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளி பரவியிருக்கும். மெலனினோ குறுகிய அலைநீளங்களைக் கூடுதலாக விழுங்கும். அதாவது 650 பக்கத்து ஒளியை அதிகம் வடிகட்டி, 670 பக்கத்து ஒளியை அதிகம் விட்டுவிடும். உள்ளே போகும் சிவப்பின் சராசரி அலைநீளம் துளி நகர்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் விழுங்கல் கோடு அந்த இடத்தில் செங்குத்தான சரிவு: 660லிருந்து 670க்குப் போனால் 13 சதவீதம் இறங்கிவிடும். தோல் அவ்வளவு தூரம் நகர்த்துவதில்லை. ஆனால் சரிவில் ஒரு சிறு சறுக்கலும் கணக்கில் தெரியும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோலக் கருவிக்குத் தோன்றும். விகிதம் குறையும், திரையில் எண் ஏறும். மேலே சொன்ன வகுத்தலால் இதை அடித்துவிட முடியாது, ஏனென்றால் இங்கே ஒளியின் அளவு மட்டுமல்ல, ஒளியின் நிறமே மாறிவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போது இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. குறையக் குறையத்தான் பெருகும். எந்த நேரத்தில் எண் சரியாக இருக்க வேண்டுமோ, அந்த நேரத்தில் காலைவாருகிறது.

இதோடு விரலில் ரத்த ஓட்டமும் குறைந்தால் நிலைமை மோசமாகிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பிசகு அந்த அட்டவணையில். விரலுக்குள் ஒளி நேர்கோட்டில் போவதில்லை, சிதறுகிறது. அதனால் விகிதத்தைச் சதவீதமாக்கும் அட்டவணையை ஏட்டுக் கணக்கால் போட முடியாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, 100லிருந்து 70 வரை படிப்படியாக ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் இந்தச் சோதனைக்குக் கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கறுத்த தோல் உடையவர்கள் 2 பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வந்த வரைவு வழிகாட்டுதல் இதைக் குறைந்தது 150 பேராக உயர்த்தி, தோல் நிறத்தை 10 படிகள் கொண்ட மங்க் அளவுகோலில் பதிவு செய்யச் சொல்கிறது.

மாநிறமும் கறுப்புமாக வாழும் நம் ஊரில், இந்தச் சோதனையை நம் தோலில் நாமே பெரிய அளவில் செய்ய வேண்டும். ஒரு ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் சிறு துளி போதும். நம் மருத்துவக் கல்லூரிகளில் தமனி ரத்தப் பரிசோதனை அன்றாடம் நடக்கிறது. கூடவே கருவியின் எண்ணையும் தோலின் நிறத்தையும் குறித்துவைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

2021இல் கற்பூரம், ஓமம், கிராம்பு கட்டிய முடிச்சை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் பரவியதே, அதற்கும் கருவியின் தடுமாற்றம் துணைபோனது. அசையாமல் உட்கார்ந்திருந்தாலே எண் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்கும். முகர்ந்த பிறகு ஏறினால் முடிச்சுக்குப் பெயர். அந்த நம்பிக்கையில் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே கடத்திய மணி நேரங்கள் திரும்பி வராதவை.

தோலின் நிறத்துக்குத் தொடர்பில்லாமலும் எண் ஏமாற்றும் இடங்கள் உண்டு. அடைத்த அறையில் கரியடுப்புப் புகை சுவாசித்தவரிடம், கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏற்றியது என்றே கருவி எண்ணும். உயிர் ஊசலாடும்போதும் 98 காட்டும். டாப்சோன் போன்ற மருந்துகளால் சிலருக்கு உண்டாகும் மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) இரண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால் விகிதம் 1ஐ நோக்கிப் போகும்; ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் எண் 85 பக்கமே நிற்கும். ரத்தச்சோகை உள்ளவருக்கும் 98 வரும், ஏனென்றால் கருவி சொல்வது சதவீதம், கையிருப்பு அல்ல. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருப்பவருக்கு அதில் சுமார் 20 மில்லி ஆக்சிஜன்; 7 கிராம் இருப்பவருக்கு 9 மில்லிதான்.

வீட்டில் பார்க்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு வேண்டாம். செம்மருதாணி பெரிதாகக் கெடுக்காது. கறுப்புச் சாயம் கலந்த மெகந்தி வைத்த விரலில் கருவி சிலசமயம் அளவே எடுக்காது, வேறு விரலைப் பாருங்கள். ரத்த அழுத்தப் பட்டை கட்டிய கையில் மாட்டாதீர்கள். எண் நிலைக்க ஒரு நிமிடம் கொடுங்கள். நலமாக இருக்கும் நாளில் உங்கள் எண் என்ன என்று குறித்துவையுங்கள். அதிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, திரையில் 94 இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். கறுத்த தோல் உடையவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கடைசியாக, மணிக்கட்டில் நாடியை நீங்களே எண்ணிப் பார்த்து, திரையில் உள்ள துடிப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள்: இரண்டையும் கருவி எடுப்பது அதே சின்ன அலையிலிருந்துதான்.