காப்பி: மதுவின் பெயரும் மாட்டுக் குளம்பும்

காப்பி என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால் முதலில் ஓர் ஆட்டு மந்தைதான் குறுக்கே வரும். எத்தியோப்பியாவில் கல்தி என்றோர் இடையன். அவனுடைய ஆடுகள் ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு ராத்திரி முழுக்கத் துள்ளின. பக்கத்து மடத்துத் துறவிகள் அதைக் கஷாயம் வைத்துக் குடித்து, விடிய விடியக் கண்விழித்துப் பிரார்த்தனை செய்தார்கள். நல்ல கதை. ஆனால் இது எழுத்தில் வருவது 1671இல்தான், ரோமில் வாழ்ந்த நைரோன் என்ற மரோனைட் (லெபனான் பகுதிக் கிறிஸ்தவப் பிரிவு) அறிஞரின் லத்தீன் நூலில். அவரிடம் கல்தி என்ற பெயரே கிடையாது. மேய்ந்தது ஆடா ஒட்டகமா என்றுகூட அவர் உறுதியாகச் சொல்லவில்லை. பெயரெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். அரபியில் 'கஹ்வா'. காப்பிக்கு முன்னால் இது மதுவைக் குறித்த சொல். பசியை மட்டுப்படுத்துவது என்ற பொருளில் பிறந்தது என்று பழைய அரபு அகராதிகள் சொல்லும். 15ஆம் நூற்றாண்டில் ஏமனின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூங்கிவிடாமல் இருக்கக் காப்பி குடித்தார்கள். மதுவை விலக்கியவர்களின் பானத்துக்கு மதுவின் பெயர்! கஹ்வா துருக்கியில் 'கஹ்வே' ஆகி, டச்சில் 'கோஃபி' ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் காப்பியாக வந்தது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'கோப்பி' டச்சு உச்சரிப்பின் பக்கத்திலேயே நிற்கிறது.

எத்தியோப்பியாவின் கஃபா வட்டாரப் பெயர்தான் காப்பி ஆயிற்று என்போரும் உண்டு. ஒலி பொருந்துகிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்நாட்டின் அம்ஹாரிக் மொழியில் காப்பிக்குப் பெயர் 'புனா'. அரபியிலும் கொட்டைக்கு 'புன்' என்றுதான் பெயர்.

தமிழில் காபியா, காப்பியா? இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் நம் வாய் அதை மெலித்துவிடும். 'கோபம்' சொல்லிப் பாருங்கள். ஆகவே காப்பிதான் சரி. காபியை அதே பெயருள்ள கர்நாடக ராகத்துக்கு விட்டுவிடலாம்.

தனித்தமிழில் 'குளம்பி' என்கிறார்கள். வறுத்த கொட்டையைத் திருப்பிப் பார்த்தால் தட்டையான பக்கத்தில் நடுவே ஒரு பிளவு, மாட்டுக் குளம்பு மாதிரியே. குளம்பு போன்றது குளம்பி. கேலிக்குப் பேர்போன இன்னொரு தமிழாக்கமான 'கொட்டை வடிநீர்' பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்துச் செய்த சொல் என்று இதை மெச்சத் தோன்றுகிறது. சிக்கல் எழுத்தில்தான்: பாதிப் பேர் 'குழம்பி' என்று எழுதி, குடிப்பவரைக் குழப்பத்தில் விட்டுவிடுகிறார்கள். நான் காப்பி கட்சி. எப்போதோ தமிழ் ஒலிக்குப் பழகிவிட்ட சொல் அது.

அப்புறம், பீபெரி கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே விளைந்தால் அது பீபெரி. உருண்டையாக இருக்கும், தட்டைப் பக்கமே கிடையாது. அதைக் குளம்பி என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.