34 மாநிலங்கள் கேட்டால்?

அமெரிக்க அரசியல் சாசனத்தில் இதுவரை 27 திருத்தங்கள். அத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். ஆனால் சாசனத்தின் ஐந்தாம் பிரிவில் யாரும் இதுவரை நடக்காத இன்னொரு பாதையும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், இன்றைய கணக்கில் 50-க்கு 34, மனு கொடுத்தால் திருத்தங்களை முன்மொழியக் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆகவேண்டும்.

இதற்கு வித்திட்டவர் வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன். 1787 செப்டம்பர் 15, பிலடெல்பியாவில் சாசனம் எழுதக் கூடிய மாநாட்டின் வேலை முடியும் தறுவாயில் அவர் எழுந்தார்: தப்பு செய்வதே காங்கிரஸாக இருந்தால், அதைத் திருத்தும் சாவியும் அதனிடமேவா? நியாயம்தான் என்று இந்த வழி சேர்க்கப்பட்டது. மாநிலங்கள் கேட்டுக் கூட்டப்படும் மாநாடு எப்படி அமையும், எந்த விதிப்படி முடிவெடுக்கும் என்ற சந்தேகம், சாசனத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனுக்கு. விடை எழுதாமலே கலைந்துவிட்டார்கள்.

அந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது. 34 மனுக்களும் ஒரே விஷயத்தைப் பற்றியவையா இருக்க வேண்டுமா? பழைய மனு காலாவதியாகுமா? கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா? மக்கள்தொகையில் பெரிய கலிபோர்னியாவுக்கும் குட்டி வயோமிங்குக்கும் ஆளுக்கொரு ஓட்டா? பட்ஜெட் பேசக் கூடியவர்கள் துப்பாக்கி உரிமைக்குத் தாவினால் யார் தடுப்பது? கடைசிக் கேள்வி வெறும் பயமல்ல. 1787 மாநாடே பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் கூடியது. புதுச் சாசனத்தையே எழுதிவிட்டு எழுந்தது. மாநாடு எதை முன்மொழிந்தாலும் நான்கில் மூன்று பங்கு, அதாவது 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார்கள். அந்தப் பூட்டு கெட்டியானதுதான். ஆனால் 1787-ல் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்ற பழைய பூட்டை 9 போதும் என்று மாற்றியதும் அதே மாநாடுதானே!

கூடாமலே இந்த மாநாடு வேலை செய்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1788-ல் வர்ஜீனியா முதல் மனுவை அனுப்பியது. மறு ஆண்டே, அது பெருகுமுன், மேடிசன் மக்களின் அடிப்படை உரிமைகளைக் காக்கும் திருத்தங்களைக் காங்கிரஸில் கொண்டுவந்தார். காங்கிரஸின் மேல்சபையான செனட்டின் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் செனட் பல ஆண்டுகள் கிடப்பில் போட்டது. மாநில மனுக்கள் தேவையான எண்ணிக்கையை நெருங்கியதும் இறங்கி வந்தது. 1913-ல் 17-ஆம் திருத்தம் நிறைவேறியது. வரவுக்குள் செலவு என்ற பட்ஜெட் திருத்தத்துக்கான மனுக்கள் 1983-ல் 32 வரை ஏறின. இன்னும் இரண்டே இரண்டு என்றிருந்த நேரத்தில், மேற்கொண்டு யாரும் சேரவில்லை. பிறகு சில மாநிலங்கள் கொடுத்த மனுவையே திரும்பப் பெற்றுக்கொண்டன.