கத்தரிச் செடி வாடினால் முதலில் குடத்தைத் தூக்காதீர்கள்

இலை ஆவியாக விடும் அளவுக்கு வேரிலிருந்து நீர் ஏறாதபோதுதான் செடி வாடும். அந்த நீரோட்டம் நுனியில் அறுந்ததா, தண்டிலா, வேரிலா என்று மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும். மதிய வெயிலில் துவண்டு மாலையில் நிமிரும் செடியைப் பார்த்துப் பதற வேண்டாம். விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலை.

நுனிக்குருத்து மட்டும் தலைதொங்கி, மற்ற இலைகள் விறைப்பாக இருந்தால் தண்டுத் துளைப்பான். அதுவே பின்னால் காய்க்குள்ளும் போகும். குருத்தைப் பிளந்தால் இளஞ்சிவப்புப் புழு இருக்கும். உள்ளே போய்விட்ட புழுவை வேப்பெண்ணெய் எட்டாது. துளைக்குச் சற்றுக் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் மூழ்கடியுங்கள். குப்பைக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும்.

முழுச் செடியும் பச்சை மாறாமலே சில நாளில் சாய்ந்தால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. அடித்தண்டில் 5 செ.மீ. துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுமுனை நீரில் படும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால், இந்த வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா என்பது உறுதி. நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த பாக்டீரியாவும் அதன் பசையும்தான் அந்த இழை. டம்ளரைக் கலக்கினால் இழை கரைந்துவிடும், சோதனை வீண். நோய் உறுதியானால் செடியைக் காப்பாற்ற மருந்தில்லை. வேரோடும் மண்ணோடும் அகற்றுங்கள். அந்த மண்ணில் தக்காளி, மிளகாயும் வைக்காதீர்கள். வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடிக்குப் போனால் நோயும் கூடவே போகும்.

இழை இறங்கவில்லை, ஆனால் தண்டின் உட்புறம் பழுப்புக் கோடு; அடியிலைகள், அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம், முதலில் மஞ்சளித்தன என்றால் அது பூஞ்சை வாடல்.

தண்டு சுத்தமாக இருந்தால் வேரைத் தோண்டுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இலை ஓரங்கள் பல் பல்லாகக் கடிபட்டிருந்தால், சாம்பல்நிறக் கூன்வண்டு மேலே மேய, அதன் கால்களற்ற வெள்ளைப் புழு மண்ணுக்குள் வேரைத் தின்றுகொண்டிருக்கும். இழுத்தால் செடி லேசாகக் கையோடு வரும். வண்டுகளைக் காலையில் உலுக்கிப் பொறுக்குங்கள்; மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்து வையுங்கள். வேரே உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தால், வேருக்குள் வாழும் நுண்ணிய நூற்புழு. அவரை வேரின் முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்; இது உதிராது. வேர் கறுத்து நாறினால் பூச்சியே இல்லை, தண்ணீர் அதிகம். காற்றில்லாத மண்ணில் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தொட்டியின் அடித்துளையைக் குத்திவிடுங்கள்.

பாக்டீரியா வாடலும் நூற்புழுவும் ஆண்டுதோறும் வரும் இடத்தில், சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றே நல்லது. ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். புதைந்தால் கத்தரித் தண்டே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளைகளையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.